பெட்ரோலில் ஈயம் கலந்த விஞ்ஞானி

அவர் இரண்டு பொருள்களைக் கண்டுபிடித்தார்.

ஒன்று, மோட்டார் காருக்கும் ஆகாய விமானத்துக்கும் புது வலிமை கொடுத்தது. மற்றொன்று, வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டியைக் கொண்டு வந்தது.

இரண்டுக்காகவும் உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, இரண்டையும் வேண்டாம் என்று ஒதுக்கியது.

அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. அமெரிக்காக்காரர்.

அவர் பெட்ரோலில் கலந்த ஈயம் கார்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் சின்ன விமானங்களை விட்டு இன்னும் முழுதும் போகவில்லை. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ஜின் படித்தவர்

மிட்ஜ்லி 1889-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி பிறந்தார். ஊர், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பீவர் பால்ஸ். வளர்ந்தது ஓகையோ மாநிலத்தில்.

தந்தையும் புதிய பொருள்களைக் கண்டுபிடிப்பவர். மோட்டார் டயர்களைப் பற்றி ஆராய்ந்தவர். மகனுக்கும் அந்தக் குணம் வந்தது.

கார்னெல் பல்கலைக் கழகத்தில் என்ஜினீயர் படிப்புப் படித்தார். 1911-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ரசாயனம் படித்தவர் அல்ல. யந்திரம் படித்தவர். பிற்காலத்தில் அமெரிக்க ரசாயன அறிஞர்களுக்கெல்லாம் தலைவர் ஆனார்!

1916-ல் சார்லஸ் கெட்டரிங் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் சாதாரண ஆள் அல்ல. அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அந்தத் தொல்லையை ஒழித்து, பொத்தானை அமுக்கினால் கார் கிளம்பும்படி செய்தவர் அவர்தான்.

"டொக், டொக்" சத்தம்

அப்போது கார் என்ஜின்களுக்கு ஒரு நோய் இருந்தது. மேட்டில் ஏறும்போது உள்ளே "டொக், டொக்" என்று சத்தம் கேட்கும். சுத்தியலால் அடிப்பது போல இருக்கும்.

கெட்டரிங் செய்த மின்சாரக் கருவிதான் காரணம் என்று பலர் பழி சொன்னார்கள். உண்மையைக் கண்டுபிடிக்கும்படி மிட்ஜ்லியிடம் கெட்டரிங் சொன்னார்.

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை அமுக்குகிறது. அப்போது மின்பொறி விழுகிறது. கலவை எரிகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது.

நெருப்பு ஒரு பக்கத்தில் தொடங்கி, சீராகப் பரவ வேண்டும். மட்டமான பெட்ரோலாக இருந்தால் அப்படி நடப்பதில்லை. நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே, மீதி இருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே குபீர் என்று வெடித்து விடுகிறது. அந்த வெடிதான் "டொக்" சத்தம்.

மின்பொறி விழுந்த பிறகுதான் இந்த வெடி நடக்கிறது என்று மிட்ஜ்லி காட்டினார். குற்றவாளி மின்சாரக் கருவி அல்ல. பெட்ரோல்தான்!

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதில்தான் எல்லாம் அடங்கி இருந்தது. கலவையை எவ்வளவு அதிகமாக அமுக்குகிறோமோ, அவ்வளவு அதிக வலிமை கிடைக்கும். அதிகமாக அமுக்கினால் "டொக்" சத்தம் வந்து விடும். அதனால் என்ஜின் செய்தவர்கள் பயந்து பயந்து குறைவாகவே அமுக்கினார்கள்.

சிவப்பு இலை சொன்ன யோசனை

குளிர் காலம் முடியும் முன்பே பூக்கும் செடி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் இலையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ என்று கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் நினைத்தார்கள்.

எண்ணெயைச் சிவப்பாக்கினால் என்ன? அதுவும் சூட்டை வாங்கி, சீக்கிரம் ஆவியாகி, சீராக எரியுமே!

சிவப்புச் சாயத்தைத் தேடினார் மிட்ஜ்லி. கிடைக்கவில்லை. அயோடின் கிடைத்தது. அதைக் கலந்தார். எண்ணெய் சிவந்தது. "டொக்" சத்தமும் குறைந்தது!

யோசனை பலித்தது என்று மகிழ்ந்தார். பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார். சத்தம் குறையவில்லை. நிறமே இல்லாத அயோடின் பொருளைக் கலந்தார். சத்தம் குறைந்தது.

அப்படியானால் வேலை செய்தது சிவப்பு நிறம் அல்ல, அயோடின்தான். யோசனை தப்பு. ஆனால் அந்தத் தப்பான யோசனை சரியான கதவைத் திறந்து விட்டது. பெட்ரோலில் ஒரு பொருளைச் சிறிதளவு கலந்தால் சத்தத்தை நிறுத்தலாம் என்று தெரிந்து விட்டது.

அயோடினின் விலை அதிகம். இரும்பையும் அரிக்கும். ஆகவே வேறு பொருள் வேண்டும்.

விமானத்துக்கு எந்தப் பெட்ரோல்?

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. போர் விமானங்களுக்கு நல்ல பெட்ரோல் தேவைப்பட்டது.

காரில் "டொக்" சத்தம் வந்தால், ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்கலாம். ஓரமாக நிறுத்தலாம். விமானத்தில் அது முடியாது. சுழலியின் இரைச்சலில் "டொக்" சத்தம் காதிலேயே விழாது. சத்தம் கேட்காமலேயே பிஸ்டனில் ஓட்டை விழுந்து விடும். வானத்தில் என்ஜின் நின்றால் கதி என்ன?

விமானப் பெட்ரோலுக்கு இன்னும் பல குணங்கள் வேண்டும்.

உயரே குளிர் அதிகம். அங்கே அது உறையக் கூடாது.

உயரே காற்றழுத்தம் குறைவு. அங்கே பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழி விடக் கூடாது. குமிழி அடைத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது.

எடையும் முக்கியம். சிறு என்ஜினில் பெரிய வலிமை கிடைக்க வேண்டும்.

மிட்ஜ்லியும் அவருடைய கூட்டாளிகளும் பென்சீன், சைக்ளோஹெக்சேன் என்ற இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியே வைத்தால் இரண்டும் சாதாரணக் குளிரிலேயே உறைந்து விடும். சேர்த்துக் கலந்தால் எளிதில் உறைவதில்லை. "டொக்" சத்தமும் வருவதில்லை!

நல்ல எரிபொருள்தான். ஆனால் போரில் பயன்படுத்துவதற்குள் 1918 நவம்பரில் போர் முடிந்து விட்டது.

நாற்றம் தாங்கவில்லை

மிட்ஜ்லி விடவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகப் பல பொருள்களைக் கலந்து பார்த்தார்.

அனிலின் என்ற பொருள் நன்றாக வேலை செய்தது. ஆனால் நாற்றம் அடித்தது. பிறகு செலீனியம், டெல்லூரியம் ஆகியவற்றைச் சோதித்தார். அவை இன்னும் நன்றாக வேலை செய்தன. நாற்றமோ, சொல்லி முடியாது. குளித்தாலும் போகவில்லை. உடை மாற்றினாலும் போகவில்லை.

கடைசியில் கண்ட கண்ட பொருளைக் கலப்பதை நிறுத்தினார். உலகில் உள்ள மூலப்பொருள்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ரசாயன அட்டவணையை எதிரே வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் போனால் பலன் கூடுகிறது என்று பார்த்தார். அட்டவணையில் கீழே போகப் போகப் பலன் கூடியது. அந்த வழியிலே போனால் அடியில் இருந்தது ஈயம்!

1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, டெட்ரா எதில் லெட் என்னும் ஈயத் திரவத்தைச் சோதித்தார்கள். ஒரு துளி போலச் சிறிதளவுதான் கலந்தார்கள். சத்தம் அடியோடு நின்றது.

1,000 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 1 பங்கு போதும். விலையும் மலிவு. நாற்றமும் இல்லை.

பந்தயத்தில் வெற்றி

1923-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனை தொடங்கியது. அதற்கு "எதில்" என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை!

அந்த ஆண்டு மே மாதம் இண்டியானாபோலிஸ் நகரில் பெரிய கார்ப் பந்தயம் நடந்தது. முதல் 3 இடங்களைப் பிடித்த கார்களும் ஈயப் பெட்ரோலில் ஓடியவை. நாடு முழுவதும் இதே பேச்சாக இருந்தது.

ஈயத்தில் ஒரு தொல்லையும் இருந்தது. எரிந்த பிறகு அதன் சாம்பல் என்ஜினுக்குள் ஒட்டிக்கொண்டது. அதை வெளியே தள்ள புரோமின் கலந்த பொருளைச் சேர்த்தார்கள். புரோமின் ஏராளமாக வேண்டி இருந்ததால், கடல் தண்ணீரிலிருந்தே அதைப் பிரித்து எடுத்தார்கள்.

என்ஜின் சுத்தமாயிற்று. ஈயம் எங்கே போயிற்று? புகையோடு வெளியே போயிற்று. தெருவிலே, வயலிலே, வீட்டிலே, மனிதர்களின் மூச்சிலே கலந்தது.

5 பேர் பலி

ஈயம் விஷம் என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. மிட்ஜ்லிக்கும் தெரியும். 1923-ம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கே ஈய விஷம் ஏறியது. வேலையை விட்டு, வெயிலும் நல்ல காற்றும் உள்ள புளோரிடாவுக்குப் போய் ஓய்வு எடுத்தார்.

1924-ம் ஆண்டு அக்டோபர் மாதம். நியூஜெர்சி மாநிலத்தில் பேவே என்ற இடத்தில், ஈயத் திரவம் செய்த ஆலையில் விபரீதம் நடந்தது. தொழிலாளிகளுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. சிலரைக் கட்டிப்போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். 5 பேர் இறந்தார்கள். 30-க்கு மேற்பட்டவர்கள் நோயாளி ஆனார்கள்.

ஜனங்கள் பதறினார்கள். நியூயார்க் நகரில் ஈயப் பெட்ரோலுக்குத் தடை போட்டார்கள்.

அக்டோபர் 30-ந் தேதி மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்களைக் கூட்டினார். அவர்கள் எதிரிலேயே ஈயத் திரவத்தைத் தம் கையில் ஊற்றிக் கழுவினார். பாட்டிலை மூக்கருகே வைத்து 60 விநாடி மூச்சை இழுத்தார். இதனால் ஒன்றும் ஆகாது என்று காட்டினார்.

முந்தின வருஷம் இதே ஈயம் தம்மைப் படுக்க வைத்தது என்பது அவருக்கு மறந்திருக்க முடியாது.

டாக்டர்கள் எதிர்ப்பு

1925-ம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் ஒரு கூட்டம் நடந்தது. சர்க்கார் டாக்டர்களும், கம்பெனிக்காரர்களும், விஞ்ஞானிகளும் வந்தார்கள்.

ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டரும், யாண்டல் ஹெண்டர்சன் என்ற பேராசிரியரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆலையில் வேலை செய்பவர்களை மட்டும் பார்த்தால் போதாது. தெருவில் நடப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. சாராயச் சத்தைப் பெட்ரோலில் கலந்தாலும் "டொக்" சத்தம் நிற்கும். மிட்ஜ்லியே அதைச் சோதித்துப் பார்த்தவர். ஆனால் அதை நிறையக் கலக்க வேண்டும். அது எல்லோருக்கும் பொதுவான சரக்கு. தனி உரிமை கொண்டாட முடியாது. ஈயமோ, கொஞ்சம் போதும், உரிமையும் கம்பெனிக்கே. ஈயம் ஜெயித்தது.

சர்க்கார் அமைத்த குழு சில மாதம் ஆராய்ந்தது. தடை செய்யக் காரணம் இல்லை என்று 1926-ல் சொன்னது. மேலும் ஆராய வேண்டும் என்றும் சொன்னது. விற்பனை மறுபடி தொடங்கியது. மேலும் ஆராய வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை.

100 நம்பர் பெட்ரோல்

இதற்கிடையே பெட்ரோலுக்கு மார்க் போடும் முறை வந்தது. ஐசோ ஆக்டேன் என்ற நல்ல திரவத்துக்கு 100 மார்க். ஹெப்டேன் என்ற மட்டமான திரவத்துக்கு 0 மார்க். இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொரு பெட்ரோலுக்கும் நம்பர் கொடுத்தார்கள். நம்பர் அதிகம் என்றால், அதிகமாக அமுக்கினாலும் "டொக்" சத்தம் வராது.

1930-களில் விமானங்களுக்கு 100 நம்பர் பெட்ரோல் வந்தது. அதில் ஐசோ ஆக்டேனும் இருந்தது. மிட்ஜ்லியின் ஈயமும் இருந்தது.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கின. பிரிட்டிஷ் போர் விமானங்களில் மெர்லின் என்ற என்ஜின் இருந்தது. அதே என்ஜினில் 100 நம்பர் பெட்ரோல் ஊற்றியபோது, சுமார் 1,000 குதிரைத் திறன் கொடுத்தது சுமார் 1,300 வரை கொடுத்தது. உயிர் போகும் சண்டையில் இது எவ்வளவு பெரிய உதவி!

குளிர்ப்பெட்டி

அதற்கு முன்பே மிட்ஜ்லி இரண்டாவது பொருளையும் கண்டுபிடித்து விட்டார்.

அந்தக் காலக் குளிர்ப்பெட்டிகளில் விஷ வாயு இருந்தது. கசிந்தால் ஆள் சாவான். 1928-ல் கெட்டரிங் புது வாயு கேட்டார். மிட்ஜ்லி பிரியான் வாயுவைச் செய்து கொடுத்தார். 1930-ல் ஒரு கூட்டத்தில் அதை மூச்சாக இழுத்து, மெழுகுவத்தி மேல் ஊதினார். மெழுகுவத்தி அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது விஷமும் அல்ல, தீப்பற்றவும் பற்றாது என்று சபை கைதட்டியது.

இந்த வாயு வானத்தில் உயரே போய், சூரியனின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல்தான் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டு, பிரியான் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

கயிறு

பதக்கத்துக்கு மேல் பதக்கம் குவிந்தது. 1941-ல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் மிகப் பெரிய பதக்கமான பிரீஸ்ட்லி பதக்கம் கிடைத்தது. 1944-ல் அந்தச் சங்கத்துக்கே தலைவர் ஆனார்.

ஆனால் பதக்கம் வாங்க அவரால் நடக்க முடியவில்லை. 1940-ல், 51-வது வயதில், இளம்பிள்ளை வாத நோய் தாக்கியது. கால்கள் விழுந்து விட்டன.

படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறும் கப்பியும் வைத்து அவரே ஒரு கருவி செய்துகொண்டார். 1944-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, அந்தக் கயிறே அவர் கழுத்தை இறுக்கி விட்டது. வயது 55. அது விபத்தா, அவரே தேடிக்கொண்ட முடிவா என்பதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பூமியின் வயதைத் தேடியவர்

மிட்ஜ்லி இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிட்டார். அதற்காகக் கல்லில் உள்ள மிக நுண்ணிய ஈயத்தை அளக்க வேண்டி இருந்தது. அளக்கவே முடியவில்லை. காரணம், எங்கே பார்த்தாலும் ஈயம்! தூசியில் ஈயம், உடையில் ஈயம், தலைமயிரில் ஈயம்.

சோதனை அறையைத் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிய பிறகு, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கணக்குச் சொன்னார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்றும் தேடினார். பெரும் பங்கு பெட்ரோல் புகையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. 1965-ல் அதை எழுதி வெளியிட்டார். கம்பெனிகள் எதிர்த்தன. அவர் பின்வாங்கவில்லை.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று டாக்டர்களும் நிரூபித்தார்கள். நாடுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. சென்னை முதலிய 4 பெருநகரங்களில் 1995-ல் ஈயம் இல்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியது. அதோடு உலகில் எந்த நாட்டிலும் காருக்கு ஈயப் பெட்ரோல் விற்பதில்லை.

நீலப் பெட்ரோல்

சின்ன விமானங்களின் கதை வேறு.

பெரிய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுகின்றன. அதில் ஈயம் இல்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் சின்ன விமானங்களில் பெரும்பாலும் பிஸ்டன் என்ஜின்தான் உண்டு. அவற்றில் மிகுதியாக ஊற்றுவது "100 எல்.எல்." என்ற பெட்ரோல். ஈயம் குறைந்தது என்று பொருள். பழைய பச்சைப் பெட்ரோலில் இருந்ததில் பாதிதான் ஈயம். இருந்தாலும் ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை இருக்கலாம். இந்தியா இதை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. 2022 முதல் குஜராத் மாநிலம் வதோதராவில் உள்ள ஆலையில் செய்கிறது.

விமானப் பெட்ரோலில் ஆள் ஏமாறாமல் இருக்க நிறம் சேர்க்கிறார்கள். 80 நம்பர் சிவப்பு. பழைய 100 நம்பர் பச்சை. 100 எல்.எல். நீலம். ஜெட் எண்ணெய்க்கு நிறம் சேர்ப்பதில்லை. கிளம்புவதற்கு முன் விமானி கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார். நிறம் மாறி இருந்தாலும், அடியில் தண்ணீர் நின்றாலும் கிளம்ப மாட்டார். பிஸ்டன் என்ஜினில் தவறுதலாக ஜெட் எண்ணெய் போய்விட்டால், விமானம் எழும்பிய பிறகு என்ஜின் நொறுங்கி விடும்.

காருக்கு ஊற்றும் பெட்ரோலையே ஊற்றினால் என்ன? குறைவாக அமுக்கும் சில பழைய என்ஜின்களுக்கு ஊற்றலாம். 1982-லேயே அமெரிக்காவில் ஒரு சின்ன ரக விமானத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதில் சாராயச் சத்து கலந்திருக்கக் கூடாது. அது தண்ணீரை இழுக்கும். பழைய ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். அதிகமாக அமுக்கும் பெரிய பிஸ்டன் என்ஜின்களுக்கோ 100 நம்பர் கட்டாயம் வேண்டும். அந்த விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பெட்ரோலில் பெரும்பகுதியைக் குடிப்பவை அவைதான்.

அமெரிக்காவில் காற்றில் கலக்கும் ஈயத்தில் பெரும் பங்கு இந்தச் சின்ன விமானங்களிலிருந்து வருகிறது. இது ஜனங்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று அந்த நாட்டுச் சர்க்கார் 2023-ல் அறிவித்தது. கலிபோர்னியாவில் ஒரு மாவட்டம், தன் விமான நிலையங்களில் 2022 முதல் ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தி விட்டது. சுற்றிலும் குழந்தைகள் வசிக்கிறார்கள் என்பதே காரணம்.

ஈயம் இல்லாத 100 நம்பர் பெட்ரோல் ஒன்றுக்கு 2022-ல் அமெரிக்க விமானத் துறை அனுமதி கொடுத்தது. வேறு கம்பெனிகளும் முயல்கின்றன. 2030-க்குள் ஈயத்தை விட்டு விடுவது என்பது அங்கே இலக்கு. வேலை சுலபமாக இல்லை. புதுப் பெட்ரோல் என்ஜினுக்கு ஒத்துக்கொண்டால் போதாது. தொட்டியின் பூச்சுக்கும், ரப்பர் குழாய்க்கும், வர்ணத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள்.

"டொக்" சத்தம் நிற்குமா என்று மிட்ஜ்லி கேட்டார். 5 ஆண்டில் விடை கண்டார். புகை எங்கே போகும் என்று டாக்டர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட உலகம் 40 ஆண்டு தாமதம் செய்தது.